ஏழு காலி, மூணு வெள்ளை

அந்த வீட்டில் பேச்சை மிச்சம் பிடிப்பதில் கூரியர்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. தங்கைக்குக் குழந்தை பிறந்த சேதியைப் போனில் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டி, கை கால் கழுவி, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் "பொண்ணு" என்றார். எடை எவ்வளவு, யார் சாடை, பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்று அவருடைய அம்மா அடுக்கிய கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து "நல்லாருக்கு" என்று ஒரே பதிலாகக் கொடுத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். ஆள் கெட்டவர் இல்லை. பகல் முழுக்க வேனில் சுற்றி, லிஃப்ட் ஓடாத கட்டடங்களில் மூச்சு வாங்க ஏறி, அடுத்தவர் பொட்டலத்தை அலுங்காமல் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறவர். அவர் கையில் ஒரு பொட்டலம் நசுங்கியது, பிரிந்தது என்று புகார் வந்ததே இல்லை. வாயைத் திறப்பதில்தான் அவ்வளவு சிக்கனம்.

அவர் மனைவி பின்னல்காரி. வீட்டின் பின்னறையில் ஸ்வெட்டர் பின்னும் கைமெஷின் ஒன்று ஜன்னலோரமாகக் கிடந்தது. நீளமான இரும்புப் பலகை, அதில் வரிசையாக ஊசிகள், ஊசிகளின் தலைமேல் இடமும் வலமுமாக ஓடும் ஒரு கைப்பிடி. ஒரு இழுப்புக்கு ஒரு வரி விழும். இரண்டு நிறத்தில் டிசைன் வர வேண்டுமென்றால் ஒவ்வொரு வரிக்கும் எந்தெந்த ஊசியில் வெள்ளை நூல் விழ வேண்டுமோ அந்த ஊசிகளை விரலால் முன்னே தள்ளிவிட்டு, அப்புறம் கைப்பிடியை இழுக்க வேண்டும். ஒரு ஊசி தப்பினால் பறவைக்குக் கண் போய்விடும். பின்னல்காரிக்கு ஊசி தப்பாது. ஆனால் வலது தோள் மட்டும் மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும். தேங்காயெண்ணெயைச் சூடாக்கித் தடவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிடுவாள்.

மெஷின் அவளுடையதல்ல, நாத்தனாருடையது. தன் கல்யாணத்துக்கு முன்னால் நாத்தனார் வாங்கிப் போட்டது. அப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டினார்கள். நாத்தனார் அறை மூலையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் டிசைன் போடுவாள். அதற்கென்று பெரிய மென்பொருள் எதுவும் இல்லை, சும்மா நோட்பேடைத் திறந்துகொள்வாள். ஒரு எழுத்து என்றால் ஒரு ஊசியில் விழும் ஒரு கண்ணி. வெள்ளை விழ வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி, சாம்பல் நூலே ஓட வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு. அந்த வெற்று இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் காலி. நாத்தனார் "ஏழு காலி, மூணு வெள்ளை, நாலு காலி" என்று ராகமாக வாசிக்க, பின்னல்காரி ஊசி தள்ளுவாள். வாசிக்கிற சாக்கில் ஊர்க்கதையும் நடக்கும். பின்னறையில் சிரிப்புச் சத்தம் கேட்டால் மாமியார் அடுப்படியிலிருந்தே, "அங்க வேலை நடக்குதா, கூத்து நடக்குதா?" என்பாள்.

நாத்தனார் கல்யாணமாகிப் பகல் முழுக்கப் பஸ்ஸில் போக வேண்டிய தூரத்துக்குப் போய்விட்டாள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை எதுவும் கிடையாது. அதுதான் விஷயமே. சண்டை என்றால் எந்த இடத்தில் தொடங்கியது என்று சொல்லிவிடலாம். இது அப்படி இல்லை. நாத்தனாருக்கு ஷிஃப்டு வேலை, அப்புறம் கைக்குழந்தை. பின்னல்காரிக்கு மெஷின் சத்தத்தில் போன் அடித்தால் காது கேட்காது. "சொல்லிடறேன்" என்று கூரியர்காரர் இருபக்கத்துச் சேதியையும் வாங்கிக்கொள்வார், சொல்லியும்விடுவார். அவர் சொன்னதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நாத்தனார் ரொம்ப மாறிப்போயிருந்தாள்.

முதலில் வந்தது மெஷின் பற்றிய சேதி. "முடியலேன்னா மெஷினை அனுப்பிடச் சொன்னா" என்றார். பின்னல்காரி கையிலிருந்த நூல்கண்டைக் கீழே வைத்துவிட்டாள். அந்த மெஷினை வைத்துத்தான் அவள் அந்த வீட்டில் நிமிர்ந்து நடந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பனியன் ஃபேக்டரியில் பஞ்சைத் தின்று இருமிக்கொண்டு கிடந்தவள் அவள். மறுபடி அங்கே போய் நிற்க அவளால் முடியாது. அன்றிலிருந்து தோள் வலிக்கிறது என்று வாய்தவறிக்கூட யாரிடமும் சொன்னதில்லை.

பழைய டிசைன்களையே திருப்பித் திருப்பிப் போட்டு ஆர்டர் குறைந்துகொண்டே வந்த நேரத்தில் ஒரு பள்ளிக்கூடம் கேட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சாம்பல் நிற ஸ்வெட்டர், மார்பின் குறுக்கே வெள்ளைப் பறவைகள் வரிசையாகப் பறக்க வேண்டும், முதலில் ஒரு மாதிரி பின்னித் திங்கட்கிழமை காட்ட வேண்டும். இது கிடைத்தால் மெஷின் வருஷம் முழுக்க ஓடும். கிடைக்கவில்லை என்றால் வேறு எதையும் காட்டி மெஷினை இந்த வீட்டில் தக்கவைத்துக்கொள்ள முடியாது. அதனால் மனசில் இருந்த கசப்பை முழுங்கிக்கொண்டு, "உங்க தங்கச்சியை ஒரு டிசைன் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க. அவ இல்லாம எனக்குக் கை ஓடல, அவ போட்டாத்தான் பறவை பறவையா இருக்கும்னு சொல்லுங்க" என்று புருஷனிடம் சொன்னாள். அவர் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ஒரு தாளோடு வந்தார். அடை மழை. தாளைச் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"டிசைன். மாத்தாமப் போடச் சொன்னா" என்றார்.

பின்னல்காரி தாளை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். பெருக்கல் குறிகள் எல்லாம் இடது ஓரத்தில் கும்பலாக நின்றன. ஒரு வரி நீளம், ஒரு வரி குட்டை. நடுவில் ஒற்றைக் காலிக்கு மேல் எங்குமே இல்லை. பறவை எங்கே என்று தேடினாள். புது மாதிரி டிசைனாக இருக்கலாம், பின்னிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியுமோ என்னவோ என்று முதலில் நினைத்தாள். தாளை மெஷினுக்கு மேலே கிளிப்பில் மாட்டி, சொன்னது சொன்னபடி ஊசியைத் தள்ளி இழுக்க ஆரம்பித்தாள். வரி எங்கே முடிகிறதோ அதற்கப்புறம் சாம்பல்.

பாதி மார்பு வந்தபோதே இது பறவை இல்லை என்று தெரிந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. மெஷினைப் பிடுங்கிக்கொள்ளத் திட்டம் போட்டுத்தான் நாத்தனார் இப்படி அனுப்பியிருக்கிறாள், மாத்தாமப் போடு என்று கூடவே கட்டளை வேறு, சரி, ஒரு கண்ணி மாத்தாமல் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புகிறேன், அவள் லட்சணம் ஊருக்குத் தெரியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தோள் விண்விண்ணென்று தெறிக்கக் கடைசி வரி வரைக்கும் இழுத்து முடித்தாள். அப்படிப்பட்ட கோபம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை. அதில் அழுகையும் கலந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியார் டீயோடு பின்னறைக்கு வந்தாள். மெஷின்மேல் விரித்துப் போட்டிருந்ததைப் பார்த்தாள். டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"என்னம்மா இது? உடைஞ்ச நாற்காலியா?"

"பறவை அத்தை. உங்க பொண்ணு போட்டது."

"என் பொண்ணு சோம்பேறி. காலைல எட்டு மணி வரைக்கும் தூங்குவா. பொய் சொல்வா. ஆனா டிசைன் இப்படிப் போட மாட்டா."

"தாள்ல இருக்கறதைத்தான் போட்டேன்."

"தாள் கிடக்கட்டும். அவளைக் கேட்டியா?"

மாமியார் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, மகள் படத்தை ஒரு குத்துக் குத்தி, மருமகள் காதில் வைத்து அழுத்திவிட்டாள்.

"அம்மா, சொல்லு" என்றது குரல்.

"நான்தான்" என்றாள் பின்னல்காரி.

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. "அண்ணியா? என்ன அண்ணி, அதிசயமா இருக்கு. பறவை வந்துச்சா?"

"நல்லா வந்துச்சு. ஏம்மா, என்மேல கோபம்னா நேரா திட்டியிருக்கலாமே. பள்ளிக்கூடத்துல வெச்சு மானத்தை வாங்கணுமா?"

"என்ன சொல்றீங்கன்னு புரியல. டிசைன் பிடிக்கலியா?"

"இது டிசைனா? எல்லாம் ஒரு மூலையில ஒண்டிக்கிட்டு நிக்குது."

"அண்ணி, ராத்திரி முழிச்சு முழிச்சுப் போட்டேன். குழந்தை பால் குடிக்கற நேரத்துல ஒத்தைக் கையால தட்டிப் போட்டேன். பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லுங்க. அசிங்கமாப் பேசாதீங்க." நாத்தனார் குரல் தழுதழுத்தது.

மாமியார் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டு பேரும் தாளைப் பாத்துப் பேசுங்கடி" என்றாள்.

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "சரி. இருங்க, கம்ப்யூட்டரைத் திறக்கறேன். ஏழாவது வரியைப் படிங்க."

"ஒரு காலி, மூணு வெள்ளை, ஒரு காலி, மூணு வெள்ளை. அவ்வளவுதான்."

"ஏழு காலி அண்ணி. ஏழு காலி, மூணு வெள்ளை, நாலு காலி, மூணு வெள்ளை, மறுபடி ஏழு காலி."

"எங்கம்மா இருக்கு ஏழு?"

"கண்ணால பாத்துத்தான் சொல்றேன்."

"நானும் கண்ணாலதான் பாக்கறேன், மூக்கால இல்ல."

"எட்டாவது வரி?"

"ஒரு காலி, அஞ்சு வெள்ளை, ஒரு காலி, அஞ்சு வெள்ளை."

"ஆறு காலி, அஞ்சு வெள்ளை, ரெண்டு காலி, அஞ்சு வெள்ளை, ஆறு காலி. எண்ணிப் பாருங்க, எந்த வரி ஆனாலும் இருபத்திநாலு கண்ணி வரணும்."

பின்னல்காரி தாளைக் கிளிப்பிலிருந்து எடுத்தாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து ஓட்டினாள். எல்லா இடத்திலும் வெள்ளை சரியாக இருந்தது. ஒரு வெள்ளை கூடக் குறையவில்லை. காலி மட்டும், ஏழோ நாலோ பத்தோ, எல்லாமே ஒன்றாகியிருந்தது.

"ஏம்மா, காலியை யாரோ தின்னுட்டாங்க" என்றாள் மெதுவாக.

"நான் டெக்ஸ்ட் ஃபைலா அட்டாச் பண்ணி அனுப்பினேன் அண்ணி. அதைத் திறந்தா அப்படியேதான் இருக்கும். உங்களுக்கு எப்படி வந்தது?"

"எனக்குத் தாளா வந்தது. உங்க அண்ணன் கொண்டு வந்தார்."

குழந்தை மட்டும் ஏதோ சொன்னது.

"மாத்தாமப் போடுன்னு நீ சொன்னதால அப்படியே போட்டுட்டேன்" என்றாள் பின்னல்காரி.

"மாத்தாமப் போடுங்கன்னா சொன்னேன்? முதல் தடவை மட்டும் மாத்தாமப் போட்டுப் பாக்கச் சொல்லு, அப்புறம் அண்ணி எப்படி வேணாலும் மாத்தட்டும், எனக்குப் படம்தான் வரும், அவங்களுக்குத்தான் கை வரும்னு சொன்னேன்."

"அந்த மிச்சம் எனக்கு வரல."

"நீங்க மட்டும்? 'டிசைன் கேக்கறா'ன்னு ஒரு வார்த்தைல முடிச்சுட்டீங்க. நல்லா இருக்கியா, குழந்தை எப்படின்னு ஒண்ணும் இல்ல. வேலைக்காரிகிட்ட சொல்ற மாதிரி."

"நான் அப்படிச் சொல்லலம்மா. அவ இல்லாமக் கை ஓடலன்னு சொல்லச் சொன்னேன்."

பின்னல்காரிக்குக் கேட்க இன்னொன்று இருந்தது. கேட்காமல் விட்டால் இனி எப்போதும் கேட்க முடியாது என்று தோன்றியது.

"அப்ப அந்த மெஷின்? முடியலேன்னா அனுப்பிடச் சொன்னியே?"

"சொன்னேன். அண்ணிக்குத் தோள் வலி ஜாஸ்தி ஆயிருக்கும், எனக்காகக் கஷ்டப்பட்டு ஓட்டிக்கிட்டு இருக்கப் போறாங்க, முடியலேன்னா இங்க அனுப்பிடச் சொல்லு, நான் சும்மா வெச்சிருக்கேன், முடியும்னா அது அவங்க மெஷின், நான் கேக்கவே மாட்டேன்னு சொன்னேன். பஸ் ஸ்டாண்டுல நின்னு அண்ணன்கிட்ட போன்ல சொன்னேன் அண்ணி. அழுதுக்கிட்டே சொன்னேன்."

பின்னல்காரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் வேன் நிற்கும் சத்தம் கேட்டது. கூரியர்காரர் ஞாயிற்றுக்கிழமை அவசரப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டு நனைந்து வந்தார். பின்னறையில் அம்மா, மனைவி, போனுக்குள் தங்கை என்று மூன்று பெண்கள் ஒன்றாக மௌனமாக இருப்பதைப் பார்த்ததும் அவருக்கே சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். வாசற்படியிலேயே நின்றார்.

"உள்ள வாடா" என்றாள் மாமியார்.

"அண்ணா, நான் அனுப்பின ஃபைலை என்ன பண்ணின?" என்றது போன்.

"பிரிண்ட் எடுத்தேன்."

"எப்படி எடுத்த? முழுசாச் சொல்லு."

அவர் துண்டால் தலையைத் துவட்டினார். முழுசாகச் சொல்வது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. "போன்ல திறந்தேன். மொத்தமா காப்பி பண்ணி மெயில்லயே ஒட்டி பிரிண்ட் கடைக்கு அனுப்பினேன்."

"ஏன், அப்படியே ஃபார்வர்ட் பண்ணக் கூடாதா?"

"கடைக்காரன் அட்டாச்மென்ட்னா அப்புறம் வாம்பான். இது சுருக்கம்."

"மெயில்ல ஒட்டினா அது இடைவெளியை எல்லாம் ஒண்ணாச் சுருக்கிடும் அண்ணா. எத்தனை ஸ்பேஸ் இருந்தாலும் ஒண்ணுதான் மிஞ்சும்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நடுவுல சும்மா சும்மா வெத்து வரியா வேற கிடந்தது. ரெண்டு பக்கம் போச்சு. அதை நான் அழிச்சேன்."

"அது ஒரு பறவை வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவுல வர்ற சாம்பல் வரி" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் போனிலேயே கேட்டது.

"எழுத்து ஒண்ணும் நான் தொடல. விஷயம் எல்லாம் இருக்கே. வெறும் இடம்தானே போச்சு?" என்றார் கூரியர்காரர். மனிதர் மனசறிந்து தப்புச் செய்யவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. மெஷினைப் பற்றித் தங்கை சொன்னதையும் இதே மாதிரிதான் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறார்.

பின்னல்காரி எழுந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னங்க, ஊரார் பொட்டலத்தை எல்லாம் கயிறு அவிழாமக் கொண்டு போய்க் கொடுக்கறீங்க. இந்த வீட்டுப் பொட்டலத்தை மட்டும் ஏங்க வழியில பிரிக்கறீங்க? இவ என்னைப் பிடிக்காமப் பேசறான்னு நினைச்சு நான் எத்தனை நாள் சாப்பிடாமப் படுத்திருக்கேன், தெரியுமா உங்களுக்கு?"

அவர் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். "சுருக்கமாச் சொன்னேன்" என்றார். அப்புறம் அதையும் சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல வாயை மூடிக்கொண்டார்.

"அண்ணி, திங்கட்கிழமை நாளைக்குத்தானே? அதை அப்புறம் திட்டிக்கலாம். அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஓடுதா?"

ஓடியது, முனகிக்கொண்டு ஓடியது. கூரியர்காரர் போனிலிருந்து இணையம் கொடுத்தார், அந்த மட்டுக்கு அவரால் உதவி. அதில் நாத்தனாரின் பழைய மெயில் கணக்கு இருந்தது. பாஸ்வேர்டு என்ன என்று பின்னல்காரி கேட்டதும் நாத்தனார் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பின்னல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியாரைத் திருட்டுத்தனமாக அவர்கள் கூப்பிடும் பட்டப்பெயர் அது.

"என்னடி வார்த்தை அது?" என்றாள் மாமியார்.

"ஒண்ணுமில்ல அத்தை, நம்பர்."

"இப்ப ஜிப் பண்ணி அனுப்பறேன் அண்ணி. ஃபைலை அப்படியே பொட்டலமாக் கட்டற மாதிரி அது. நடுவுல எந்த மெயிலும் உள்ள கைவைக்க முடியாது. வந்ததும் இறக்கிக்கிட்டு, அங்கயே பிரிங்க. காப்பி பண்ணாதீங்க, எங்கயும் ஒட்டாதீங்க."

பொட்டலம் வந்தது. பிரித்தாள். நோட்பேடில் திறந்தது. காலியெல்லாம் வந்திருந்தது, ஆனால் பறவைகள் காற்றில் தள்ளாடுவதுபோலக் கோணிக்கொண்டு நின்றன.

"சாய்ஞ்சிருக்கும்மா."

"யாரோ எழுத்தோட ஃபான்ட்டை மாத்தியிருக்காங்க. ஒல்லி எழுத்துக்குக் கொஞ்சம் இடம், குண்டு எழுத்துக்கு நிறைய இடம் கொடுக்கற எழுத்து அது. ஸ்பேஸுக்கு ரொம்பக் கம்மியாக் கொடுக்கும். எல்லாத்துக்கும் ஒரே அகலம் கொடுக்கறதுக்கு மாத்தணும். நான் சொல்றதை அழுத்துங்க."

யார் மாற்றியது என்று பின்னல்காரி திரும்பிப் பார்த்தாள். கூரியர்காரர் ஜன்னலுக்கு வெளியே மழையை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேன் இன்சூரன்ஸுக்குப் போன மாதம் அவர் அதில் மனு அடித்திருந்தார்.

அழுத்தினாள். பறவைகள் சட்டென்று நிமிர்ந்தன. இறக்கை விரிந்து, கழுத்து நீண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. மாமியார் கிட்டே வந்து குனிந்து பார்த்து, "இது என் பொண்ணு" என்றாள்.

பின்னியதை அவிழ்க்க அரைமணி நேரம் பிடித்தது. மாமியார் நூலைச் சுற்றினாள். அவிழ்த்த நூல் சுருண்டு சுருண்டு நின்றதால் மார்புக்குப் புது நூல் எடுத்தார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு நூல் டப்பாமேல் சாய்த்து வைத்தார்கள். நாத்தனார் அங்கிருந்து வாசித்தாள், பின்னல்காரி இங்கே ஊசி தள்ளினாள். கூரியர்காரர் உருளைக்கிழங்கு வேகவைத்து, ரொட்டியோடு இரண்டு தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் போனார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு மார்பு முடிந்தது. முன்பே பின்னி வைத்திருந்த முதுகையும் கைகளையும் பின்னல்காரி ராத்திரி அதோடு சேர்த்துத் தைத்தாள்.

மறுநாள் காலை ஸ்வெட்டரை மடித்து, கவரில் போட்டு ஒட்டி, பள்ளிக்கூடத்துக்கு அவரிடமே கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. வேறு யார் இருக்கிறார்கள்? பின்னல்காரி கவரை அவர் கையில் கொடுத்து, உடனே விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க என்ன சொல்றாங்களோ அதை அப்படியே வந்து சொல்லணும். ஒண்ணும் விடாம."

"ம்" என்றார்.

சாயங்காலம் அவர் வந்தபோது மூன்று பேரும் காத்திருந்தார்கள். நாத்தனார் ஷிஃப்டுக்கு நடுவில் போனில் இருந்தாள். பின்னல்காரி டீயை அவர் முன்னால் வைத்தாள். அவர் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. எப்போதுமே தெரியாது.

"போனேன்" என்றார். நிறுத்தினார். யாரும் உதவிக்கு வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம் ரூம்ல ஹீட்டர் போட்டிருந்தாங்க. கவரை வாங்கினாங்க. கத்தரிக்கோல் தேடினாங்க, கிடைக்கல. பல்லால கடிச்சுப் பிரிச்சாங்க."

"பல்லாலயா?" என்றாள் மாமியார்.

"ஆமா. ஸ்வெட்டரை எடுத்துக்கிட்டு ஜன்னல்கிட்டப் போனாங்க. உள்பக்கம் திருப்பிப் பாத்தாங்க. 'நூல் எங்கயும் தொங்கலியே'ன்னாங்க. 'பறவை யார் போட்டது'ன்னு கேட்டாங்க. 'என் தங்கச்சி போட்டது, என் வீட்டுக்காரி பின்னினது'ன்னேன். 'ரெண்டு பேரும் ஒரே வீடா'ன்னு கேட்டாங்க. 'இல்ல, தூரம்'னேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாலாம் மாடி ஏறி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கியது. "அப்புறம் சும்மா இருந்தாங்க."

"சும்மான்னா? எவ்வளவு நேரம்?" என்றாள் பின்னல்காரி.

அவர் சொல்ல வாயெடுத்தார். யோசித்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். ஓட்டிலிருந்து வாளியில் நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. டீயில் ஏடு படிந்தது.

"அண்ணி, லைன் போயிடுச்சா?"

"போகலம்மா. உங்க அண்ணன் காலி போட்டுக்கிட்டு இருக்கார்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். மேடம் எவ்வளவு நேரம் இருந்தார்களோ அவ்வளவு நேரம். பிறகு சொன்னார்:

"'எல்லாப் பிள்ளைங்களுக்கும் இதையே போடுங்க'ன்னாங்க."

மாமியார் மகன் தோளில் ஒரு அடி வைத்தாள். பின்னல்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பின்னறையில் மெஷின் இருந்த இடத்திலேயே இருந்தது, இனி அது எங்கும் போகாது. போனில் நாத்தனார் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியாத ஒரு சத்தம் கொஞ்ச நேரம் வந்தது.

"மொத்தப் பள்ளிக்கூடத்துக்குமா? தோள் தாங்குமா அண்ணி?"

கூரியர்காரர் பழக்க தோஷத்தில் "தாங்கும்" என்று சொல்ல வாயைத் திறந்தார். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அவள் போனை எடுத்து இரண்டு கையாலும் காதோடு அணைத்துப் பிடித்தாள்.

"தாங்காதும்மா" என்றாள். "ரொம்ப நாளாவே தாங்கல. குழந்தையத் தூக்கிக்கிட்டு வந்து கொஞ்ச நாள் இரு. ஊசி நான் தள்ளறேன், கைப்பிடியை நீ இழு."

கூரியர்காரர் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.